ஜூபிளி பதக்கத்தை வைத்து ஆளைத் தேடுவது எப்படி: புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைத்தால் நம் வீடுகளில் அடுத்த நிமிஷமே நடப்பது, விபூதியைத் தொட்டு அதைத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் செய்கிற அதே வைத்தியம். பளபளவென்று வந்துவிடும், உண்மைதான். அப்புறம் ராஜாவின் மூக்கு, தாடி மயிர், கிரீடத்துக் கல் எல்லாம் மழுங்கிப்போய், விவரம் தெரிந்தவர் கையில் கொடுக்கும்போது அவர் முகம் வாடும். ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் படி: எதையும் செய்யாதீர்கள். விபூதி, புளி, பல்பொடி, சபீனா, எதுவும் வேண்டாம். கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும். ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி, பழைய பருத்தித் துணிமேல் வையுங்கள்.

நான் இங்கே சொல்லப்போவது பிரிட்டிஷ் அரச குடும்ப விழாக்களையொட்டிக் கொடுக்கப்பட்ட நினைவுப் பதக்கங்களைப் பற்றி. முடிசூட்டு விழா, ஜூபிளி எனப்படும் வெள்ளி விழா, முடிசூட்டையொட்டி டெல்லியில் கூட்டிய தர்பார் போன்றவற்றுக்காக அடித்துக் கொடுத்தவை. சென்னை ராஜதானி, இலங்கை, மலாயா என்று சாம்ராஜ்யம் பரவியிருந்த இடமெல்லாம் இவை போய்ச் சேர்ந்தன, ஆகவே தமிழ்க் குடும்பங்களிலும் கிடைக்கின்றன. பயிற்சிக்கு மட்டும் நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நியூசிலாந்துக்காரரை: வால்டர் நாஷ், தொழிலாளர் கட்சித் தலைவர். காரணம் எளிது. அவரைப் பற்றிய ஆவணங்களை வீட்டிலிருந்தபடியே, காசு கொடுக்காமல் பார்க்கலாம். அந்த வழி கைக்கு வந்துவிட்டால் சொந்தத் தாத்தாவைத் தேடுவது சுலபம் இல்லாவிட்டாலும், எங்கே தடுக்கி விழுவோம் என்பதாவது தெரிந்துவிடும்.

அளவு எடுப்பது

கையில் ஒரு ஸ்கேல் இருந்தால் போதும், வெர்னியர் காலிப்பர் இருந்தால் இன்னும் நல்லது. 1911 (ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு), 1935 (அவருடைய வெள்ளி விழா), 1937 (ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு), 1953 (எலிசபெத் ராணி முடிசூட்டு) ஆகிய வருஷங்களின் அதிகாரபூர்வப் பதக்கங்கள் எல்லாமே சுமார் 32 மில்லிமீட்டர் விட்டம். மேலே ரிப்பன் கோர்க்க வளையம் இருக்கும். 1911 டெல்லி தர்பார் பதக்கம் மட்டும் கொஞ்சம் பெரிது, சுமார் 38 மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலம். பழைய எட்டணாவைவிடச் சிறிதாக ஒன்று கிடைத்தால் அது போலி என்று அவசரப்பட வேண்டாம். இரவு விருந்து உடையில் குத்திக்கொள்ள இதே பதக்கத்தின் சின்ன வடிவத்தைச் செய்துகொள்ளும் பழக்கம் இருந்தது.

அளவு, தடிமன், வளையம் இருக்கிறதா இல்லையா, வளையம் பின்னால் பற்றவைத்தது போலத் தெரிகிறதா என்று நாலு வரி எழுதி வையுங்கள். இரண்டு பக்கமும் சன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் எழுத்து தெரியாது.

எந்த வருஷத்துப் பதக்கம்

இது பூதக்கண்ணாடி வேலை. இரண்டு பக்கத்தையும் படித்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ராஜாவும் ராணியும் கிரீடத்தோடு, ஒருவர் பின்னால் ஒருவராக இடப்புறம் பார்த்தபடி இருந்து, சுற்றிலும் ஐந்தாம் ஜார்ஜ், ராணி மேரி பெயர்களும் ரோமன் எண்ணில் 1935-ம் இருந்தால் அது வெள்ளி விழாப் பதக்கம். பின்பக்கத்தில் கிரீடத்தின் கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற மூன்று எழுத்து பின்னிக் கிடக்கும். ஜார்ஜ், அரசர், பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம் அது. கூடவே 1910 மே 6, 1935 மே 6 என்று இரண்டு தேதி. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த நாளும் அதன் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவும். வடிவமைத்தவர் வேல்ஸ் சிற்பி வில்லியம் காஸ்கோம் ஜான்.

1937 பதக்கத்திலும் ஜோடித் தலைதான், ஆனால் தாடி இல்லாத ராஜா, ஐந்தாம் ஜார்ஜின் மகன் ஆறாம் ஜார்ஜ். பின்பக்கத்தில் முடிசூட்டிய தேதி, மே 12, 1937. தாடி இருந்தால் அப்பா, இல்லாவிட்டால் மகன்: பாதி அழிந்த பதக்கத்தில்கூட இதை வைத்துச் சொல்லிவிடலாம். 1953-ல் ராணி எலிசபெத் தனியாக, முன்பக்கத்தில் எழுத்தே இல்லாமல் இருப்பார். தர்பார் பதக்கத்தின் பின்பக்கம் முழுக்கப் பாரசீக எழுத்து. அதைப் பார்த்து நவாப் காலத்துக் காசு என்று நினைத்து வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

ரிப்பன் இருந்தால் அதிர்ஷ்டம். 1935-க்கு சிவப்பு ரிப்பன், இரு ஓரத்திலும் கருநீலம், வெள்ளை, கருநீலம் என்று மூன்று கோடு. 1937-க்கு நீலம், ஓரங்களில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை. 1953-க்கு அடர்சிவப்பு, ஓரத்தில் மெல்லிய வெள்ளை, நடுவில் இரண்டு மெல்லிய நீலக் கோடு. 1911-ல் முடிசூட்டுப் பதக்கத்துக்கும் தர்பார் பதக்கத்துக்கும் ஒரே ரிப்பன்: கருநீலத்தில் நடுவே இரண்டு சிவப்புக் கோடு. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் நிறத்தை நம்ப முடியாது, கோடுகளின் எண்ணிக்கையை நம்பலாம். பெண்கள் இவற்றை நேராகத் தொங்கவிடாமல், ரிப்பனை வண்ணத்துப்பூச்சி முடிச்சாகக் கட்டி இடது தோளுக்கருகில் குத்திக்கொள்வார்கள். ரிப்பனில் நடு மடிப்பும் ஊசித் துளைகளும் இருந்தால், அது ஒரு பெண்மணி வாங்கிய பதக்கமாக இருக்க இடம் உண்டு. கந்தலாகிவிட்டது என்று ரிப்பனைத் தூக்கி எறிய வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

கொடுத்ததா, கடையில் விற்றதா

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், நானும் ஏமாந்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு நாணயக் கண்காட்சியில், 1935 ஜூபிளி பதக்கம் என்று நல்ல வெள்ளியில் ஒன்றை நல்ல விலைக்கே வாங்கினேன். அதே ராஜா, அதே ராணி, அதே 32 மில்லிமீட்டர். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் ஜி.ஆர்.ஐ. இல்லை. ஒரு கோட்டையின் படம், மேலே ஒரு லத்தீன் வாசகம். அது வின்ட்சர் கோட்டை. அந்த வருஷம் லண்டன் நாணயச் சாலையே பொதுமக்களுக்கு விற்ற நினைவுப் பொருள் அது. 57 மில்லிமீட்டரிலும் 32 மில்லிமீட்டரிலும் அடித்து விற்றார்கள். காசு கொடுத்தால் யாருக்கும் கிடைத்தது. வளையம் இல்லை என்பதைக் கடையிலேயே கவனித்திருக்க வேண்டும், ஆசையில் கண் போகவில்லை. 1937-க்கும் இதே மாதிரி விற்பனைப் பதக்கம் உண்டு: ஒரு பக்கம் ராஜா, மறு பக்கம் ராணி.

மூன்றாவது வகை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 1911, 1935, 1937 விழாக்களின்போது ஊராட்சிகளும் பள்ளிக்கூடங்களும் பித்தளை, வெண்கலம், அலுமினியம், வெள்ளீயம் என்று மலிவான உலோகத்தில் லட்சக்கணக்கில் அடித்துக் கொடுத்தன. நம் பக்கத்துக் காயலான் கடையில் மூட்டையோடு மூட்டையாக வருவது பெரும்பாலும் இதுதான். லட்டோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். இதற்கும் ஒரு அழகு இருக்கிறது, ஆனால் ‘தாத்தாவை ராஜா கௌரவித்தார்’ என்று எழுத இது போதாது. ஆறு வயதில் வரிசையில் நின்று வாங்கியிருப்பார்.

அதிகாரபூர்வமானது எண்ணி அடித்தது. 1935-ல் சாம்ராஜ்யம் முழுமைக்கும் 85,234. அதில் கனடாவுக்குச் சுமார் 7,500, ஆஸ்திரேலியாவுக்கு 6,500, நியூசிலாந்துக்கு 1,500. அப்போது நியூசிலாந்தின் மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று மேல். அதாவது ஆயிரம் பேருக்கு ஒன்று.

பெயர் எங்கே?

விளிம்பைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். போரில் கிடைத்த பழைய மெடல்களில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் பொறித்திருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் தேடுவார்கள். கிடைக்காது. இந்த நினைவுப் பதக்கங்கள் பெயர் பொறிக்காமலேயே கொடுக்கப்பட்டன. விதிவிலக்கு என்று ஒன்று சொன்னால் 1953 பதக்கத்தில் உண்டு: ஹில்லரியும் டென்சிங்கும் ஏறிய அந்த எவரெஸ்ட் குழுவுக்குக் கொடுத்த 37 பதக்கங்களின் விளிம்பில் மட்டும் குழுவின் பெயரைப் பொறித்தார்கள். வேறு பதக்கத்தில் பெயர் இருந்தால், வாங்கியவரே பிற்பாடு கடையில் கொடுத்துப் பொறித்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அல்லது விற்றவர் பொறித்தது. இரண்டாவதற்கும் தயாராக இருங்கள்.

ஆக, உலோகம் யாருடையது என்பதை உலோகம் சொல்லாது. பதக்கத்தோடு ஒரு சான்றிதழ் வந்தது. ராஜாவின் ஆணைப்படி இந்தப் பதக்கம் இன்னாருக்கு அனுப்பப்படுகிறது, வெள்ளி விழா நினைவாக அணிந்துகொள்ள என்று அச்சடித்த ஒற்றைத் தாள், நடுவில் பெயர் நிரப்பியது. பெட்டியின் அடியில், பழைய பத்திரங்களுக்கு நடுவில், சட்டம் போட்ட சாமி படத்துக்குப் பின்னால் என்று எல்லா இடமும் தேடுங்கள். பதக்கத்தை நூறு இடத்தில் வாங்கலாம், அந்தத் தாளை வாங்க முடியாது. தாள் இல்லாவிட்டால் மிச்சமிருப்பது பட்டியல்கள்தான்.

பட்டியலில் ஆளைப் பிடிப்பது: வால்டர் நாஷ்

பட்டம், ஆர்டர் என்ற கௌரவ வரிசைகள் போன்றவற்றுக்கு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டைப் புரட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஜூபிளி பதக்கத்துக்கு அங்கே தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். உள்ளூர்ப் பத்திரிகைதான் வழி. நியூசிலாந்தில் அன்றைய பத்திரிகைகளை அந்நாட்டு தேசிய நூலகம் ஸ்கேன் செய்து ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ என்ற தளத்தில் வைத்திருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணம் இல்லை.

தேடும் பெட்டியில் ஜூபிளி மெடல் என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். தேதியை 1935 மே 1 முதல் மே 31 வரை என்று குறுக்குங்கள். தலைநகர் வெல்லிங்டனின் மாலைப் பத்திரிகையான ‘ஈவினிங் போஸ்ட்’டைத் தேர்ந்தெடுங்கள். மே 6, திங்கட்கிழமை, விழா நாளன்றே நான்காம் பக்கத்தில் அதிகாரபூர்வ ஜூபிளி பதக்கங்கள் என்ற தலைப்பில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. நாஷ் பெயர் அதில் உண்டு.

தேடியும் வரவில்லை என்றால் கலங்க வேண்டாம். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றுவது இயந்திரம். பொடி எழுத்துப் பட்டியலில் அது நிறையத் தடுமாறும், நாஷ் என்பதை ஹாஷ் என்று படித்து வைத்திருந்தால் உங்கள் தேடலில் எப்படி வரும்? பக்கத்தின் படத்தையே திறந்து, விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்க வேண்டியதுதான். கண் வலிக்கும். மணமான பெண்களைத் தேடும்போது இன்னொரு சிக்கல்: அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் திருமதிக்குப் பின்னால் கணவரின் முதலெழுத்துகளே வரும். அம்மையாரின் சொந்தப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

பெயர் கிடைத்த சந்தோஷத்தில் நின்றுவிடக் கூடாது. அந்தப் பெயர் நம் ஆள்தானா என்று பார்க்க வேண்டும். இதற்கு நியூசிலாந்து அரசின் இணையக் கலைக்களஞ்சியமான ‘தே ஆரா’வில் வாழ்க்கை வரலாற்று அகராதி இருக்கிறது. அங்கே ஆளின் பதவிகளையும் தேதிகளையும் எடுத்து, ஒரு தாளில் நேர்கோடு போட்டு வருஷ வாரியாக எழுதுங்கள். நாஷுக்கு அப்படி எழுதினால் வருவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்.

1882 பிப்ரவரி, இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் பிறப்பு. கம்பளம் நெய்கிற ஊர் அது. சிறு வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். 1909-ல் மனைவி லாட்டியோடு நியூசிலாந்து வந்தார். தையல் வியாபாரம், அப்புறம் தொழிலாளர் கட்சி. 1922-ல் கட்சியின் தேசியச் செயலாளர். 1929 டிசம்பரில் ஹட் தொகுதி இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். 1935 நவம்பர் 27 தேர்தலில் மொத்தம் 80 இடத்தில் 53-ஐப் பிடித்து நாட்டின் முதல் தொழிலாளர் கட்சி அரசு வந்தது. சாவேஜ் பிரதமர், நாஷ் நிதியமைச்சர்.

இப்போது ஜூபிளி நாளை அந்தக் கோட்டில் குறியுங்கள். 1935 மே 6. தேர்தலுக்கு ஆறேழு மாதம் முன்னால். நாஷ் அப்போது அமைச்சர் இல்லை, எதிர்க்கட்சி எம்.பி. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்த நேரம். 1932 ஏப்ரலில்தான் ஆக்லாந்து குவீன் தெருவில் வேலையில்லாதவர்களும் சம்பளம் வெட்டப்பட்டவர்களும் கடைக் கண்ணாடிகளை உடைத்த கலவரம் நடந்திருந்தது. நிதியமைச்சர் நாஷுக்குக் கொடுத்த பதக்கம் என்று எழுதிவிட்டால் தவறு. இப்படித் தேதி பிசகுவது மிகச் சாதாரணம், பெயருக்கு முன்னால் நமக்குத் தெரிந்த பெரிய பதவியைப் போட்டுவிடுகிறோம்.

கோட்டில் இன்னொரு புள்ளியும் விடுபடக் கூடாது. 1920-ல் நாஷ் ஐரோப்பா போய், ஜெனீவாவில் சோஷலிச அகிலத்தின் (பல நாட்டு சோஷலிசக் கட்சிகளின் கூட்டமைப்பு) மாநாட்டில் கலந்துகொண்டார். திரும்பும்போது பெட்டியில் சோஷலிசப் பிரசுரங்கள். ராஜத்துரோகப் புத்தகங்களை நாட்டுக்குள் கொண்டுவந்தார் என்று 1921-ல் வழக்காகி, 5 பவுண்டு அபராதம் விதித்தார்கள். சர்ச்சுக்குத் தவறாமல் போகிற, குடிப்பழக்கமே இல்லாத மனிதர் அவர். ராஜாவின் பெயரால் அபராதம் வாங்கிய அதே ஆளுக்குப் பதினாலு வருஷம் கழித்து ராஜாவின் தலை பொறித்த வெள்ளி வந்து சேர்கிறது. பதக்கத்தைப் பத்து நாள் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது.

நாற்காலிக்கு வந்ததா, ஆளுக்கு வந்ததா

ராஜா மனம் மாறிவிட்டாரா? நாஷ் மாறிவிட்டாரா? இரண்டும் இல்லை. நினைவுப் பதக்கம் பெரும்பாலும் ஒதுக்கீட்டுக் கணக்கு. ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை என்று வரும், அதை அங்கேயுள்ள நிர்வாகம் பங்கு பிரிக்கும்: எம்.பி.க்கள், நீதிபதிகள், மேயர்கள், அரசு ஊழியர்கள், ராணுவம், சமூக சேவை செய்பவர்கள் என்று. நாஷுடன் அவர் கட்சி எம்.பி.க்கள் இன்னும் சிலரும் அந்த வருஷம் பெற்றார்கள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்த பதக்கம் அது. அந்த நாற்காலிக்கு அவர் எப்படி வந்தார் என்பதுதான் எழுதத் தகுந்த கதை.

ஆகவே ‘தொழிலாளர்களுக்கு ஆற்றிய தொண்டைப் பாராட்டி மன்னர் பதக்கம் வழங்கினார்’ என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு காரணத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ‘1935 வெள்ளி விழாப் பதக்கம் பெற்றவர்களில் எதிர்க்கட்சி எம்.பி. நாஷும் ஒருவர்’ என்று எழுதினால் சரி. கொஞ்சம் சப்பென்று இருக்கும், இருக்கட்டும்.

நம் வீட்டுக் கதைகளுக்கும் இது பொருந்தும். ‘ஜார்ஜ் மன்னர் கையாலேயே வாங்கியது’ என்று பாட்டிகள் சொல்வார்கள். 1935-ல் ஐந்தாம் ஜார்ஜ் இந்தியாவுக்கு வரவில்லை. மன்னராக அவர் இங்கே வந்தது தர்பாருக்காக 1911 கடைசியில், அதுவும் சென்னைப் பக்கம் இல்லை. தாத்தா தாசில்தாராகவோ, அரசு ஆஸ்பத்திரி டாக்டராகவோ, போலீஸ் இன்ஸ்பெக்டராகவோ இருந்திருந்தால் பதக்கம் அந்த வேலைக்கு வந்திருக்கும். பாட்டியைத் திருத்தப் போக வேண்டாம். ஆனால் அவர் எந்த வேலையில், எந்த ஊரில், 1935 மே மாதம் இருந்தார் என்பதை மட்டும் அவரிடமே கேட்டு வாங்கிவிடுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டை கெசட்டும் அரசாணைகளும் இருக்கின்றன. அங்கே போய் நிற்கும்போது கையில் வேலை, ஊர், வருஷம் மூன்றும் இருந்தால்தான் உதவிக்கு வருபவருக்கும் எதை எடுத்துத் தருவது என்று புரியும். பெயரை மட்டும் சொன்னால், ஒரு ஜில்லாவில் எத்தனை சுப்பிரமணியம்!

பட்டம் வேறு, பதக்கம் வேறு

நினைவுப் பதக்கம் வாங்கியவர் பெயருக்குப் பின்னால் எழுத்து எதுவும் சேராது, முன்னால் ‘சர்’ வராது. நாஷையே பாருங்கள். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுப் பதக்கமும் அவருக்கு வந்தது. அப்போது அவர் கட்சித் தலைவர், எதிர்க்கட்சித் தலைவரும்கூட. 1957 டிசம்பர் முதல் 1960 டிசம்பர் வரை சரியாக மூன்று வருஷம் பிரதமர். இரண்டு நினைவுப் பதக்கத்தோடும் அவர் வெறும் மிஸ்டர் நாஷ்தான். 1959-ல் கம்பானியன் ஆஃப் ஆனர் என்ற சிறப்பு வந்தது, மிகக் குறைவானவர்களுக்கே தரப்படுவது. ஆனாலும் சர் இல்லை. 1965-ல் செயின்ட் மைக்கேல் செயின்ட் ஜார்ஜ் ஆர்டரின் உயர்ந்த படி கிடைத்தபோதுதான் சர் வால்டர் ஆனார். அப்போது வயது 83. 1968 ஜூன் 4-ல் இறக்கும்போதும் ஹட் தொகுதி எம்.பி.யாகவே இருந்தார்.

எனவே 1935 பற்றிய கட்டுரையில் ‘சர் வால்டர் நாஷ்’ என்று போட்டால் முப்பது வருஷத்தை முழுங்கிவிட்டோம் என்று அர்த்தம். நம் ஊர் ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களிலும் இதே கவனம் வேண்டும். ராவ்பகதூர் பட்டத்துக்குத் தனி வில்லை உண்டு, அது ஜூபிளி பதக்கம் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே டப்பாவில் கிடப்பதால் வரும் குழப்பம் இது.

பாதுகாப்பது, விற்பது

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள். இரண்டும் கறுப்பை இழுத்து வரும். மலிவான பிளாஸ்டிக் நாணய ஆல்பத்தில் நாளாக நாளாகப் பச்சையாக ஒரு பசை படியும். சாயம் போகாத பழைய பருத்தித் துணி, மூடி இறுகிய டப்பா, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். பொட்டலத்தை வருஷம் ஒருமுறையாவது மாற்றுங்கள். சான்றிதழ் இருந்தால் அதை மடிப்போடு மடிப்பாகத் திரும்ப மடிக்காமல், தட்டையாகத் தனி உறையில் வையுங்கள். லேமினேஷன் கடைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

விற்கிற எண்ணம் இருந்தால் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தர்பார் பதக்கம் 1911. இணையத்தில் லண்டன்காரர் நல்ல விலை தருகிறார் என்று பார்சல் போட்டால் சிக்கல். ஜூபிளி பதக்கம் 2035-ல் நூறைத் தொடும். கையெழுத்துப் பிரதி, ஆவணம் வகைக்கு அந்த வரம்பு 75 வருஷம்தான், ஆகவே சான்றிதழை அனுப்பும் முன் கண்டிப்பாக விசாரியுங்கள். உள்ளூரில் விற்பதாக இருந்தாலும், ரிப்பன், பெட்டி, தாள் எல்லாம் பிரியாமல் ஒன்றாகக் கொடுங்கள். பிரித்து விற்றால் நாலு ரூபாய் கூடக் கிடைக்கலாம், அப்புறம் அந்த ஆளைச் சேர்த்துவைக்க எவராலும் முடியாது.

கடைசி வேலை, டப்பாவுக்குள் ஒரு சீட்டு. பேனா மை பரவும், பென்சிலால் எழுதுங்கள். பார்த்தது ஒரு பக்கம், கேட்டது மறு பக்கம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு டப்பாவில் நான் எழுதி வைத்த சீட்டு இது:

‘1935 வெள்ளி விழா. 32 மி.மீ., வளையம் அசல். விளிம்பில் பெயர் இல்லை. ரிப்பன் பழையது, நடுவில் மடிப்பு. சான்றிதழ் இல்லை. பேத்தி சொன்னது: தாத்தாவுடையது. மடிப்பைப் பார்த்தால் பாட்டியுடையதாக இருக்கலாம். பாட்டி என்ன வேலை பார்த்தார் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.’